ரொறன்ரோ வளவில் வசந்தகால நடுகை: உள்நாட்டுச் செடிகளுக்கும் அலங்காரப் பூக்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஏப்ரல் பிறந்து, டிரைவ்வே ஓரத்தில் குவிந்திருந்த கடைசி ஸ்னோ கரைந்ததுமே கடை வாசல்களில் பூச்செடிகள் வந்து இறங்கிவிடும். நாலைந்து மாதம் வெள்ளையையும் சாம்பலையும் பார்த்துச் சலித்த கண்ணுக்கு அந்த நிறங்களே போதும். வண்டியை நிரப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். ஆனால் கடைக்குச் செடி வரும் வரிசை வேறு, ரொறன்ரோ மண்ணில் செடி நடவேண்டிய வரிசை வேறு. கடைக்காரருக்கு விற்பனைக் காலம் முக்கியம். செடிக்கோ, எவ்வளவு குளிரை அதன் வேரும் தளிரும் தாங்கும் என்பதுதான் கேள்வி. வசந்தகால நடுகை முழுவதையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே திட்டமிட்டுவிடலாம்.

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், மிசிசாகா, பிராம்ப்டன் பக்கம் சிறியதொரு முன்வளவோ பின்வளவோ வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மரக்கறித் தோட்டம் இதில் இல்லை. கத்தரியும் மிளகாயும் வளர்க்க நம்மவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பூச்செடிகளும் புதர்களும்தான் விஷயம். இந்த மண்ணுக்கே உரிய உள்நாட்டுச் செடிகள் மூன்றில் இரண்டு பங்கு, கண்ணுக்கும் சாமிப்படத்துக்கும் அலங்காரப் பூக்கள் ஒரு பங்கு என்பது என் கணக்கு. இதில் இயற்கைப் பற்றோடு கொஞ்சம் சோம்பலும் கலந்திருக்கிறது: உள்நாட்டுச் செடி ஒருமுறை வேரூன்றிவிட்டால் பசளை கேட்காது, குளிர்காலத்துக்குப் போர்த்திவிடச் சொல்லாது, அடுத்த வருடம் தானே எழுந்துவரும்.

எதை எப்போது நடுவது

சித்திரைப் புத்தாண்டு வரும்போது இங்கே வசந்தத்தை முழுதாக நம்ப முடியாது. 2018இல் சரியாக அந்த ஏப்ரல் 14, 15ஆம் திகதிகளில்தான் ரொறன்ரோவில் உறைமழை கொட்டி மரக்கிளைகள் முறிந்தன. 2020 மே இரண்டாம் வாரத்தில்கூட ஸ்னோ தூறியது. ஏரிக்கரையை ஒட்டிய தென்பகுதிகளில் உறைபனி சற்று முன்னதாகவே விடைபெறும். வடக்கே ஸ்டூவில் பக்கம் போகப் போக அது மே நடுப்பகுதியையும் தாண்டி இழுக்கும். அதனால்தான் இங்குள்ள தோட்டக்காரர்கள் விக்டோரியா நாள் வார இறுதியை, அதாவது மே 25க்கு முந்தைய திங்கட்கிழமையோடு வரும் நீண்ட விடுமுறையை, எல்லைக்கோடாக வைத்திருக்கிறார்கள்.

அந்த எல்லைக்கோட்டுக்கு முன்னும் பின்னுமாகச் செடிகளை மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மண் இளகியதுமே, ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து நடக்கூடியவை மரக்கன்றுகளும் புதர்களும். வேரோடு மண்ணில்லாமல் விற்கப்படும் கன்றுகளை மொட்டு விரியும் முன்பே நட்டாக வேண்டும். பூக்களில் பான்ஸி இந்தக் குளிருக்கு அசராது. வாசலில் உடனடியாக ஏதாவது நிறம் வேண்டும் என்பவர்கள் அதை வாங்கலாம். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முழுவதும் குளிர் தாங்கும் பல்லாண்டுச் செடிகளின் காலம். உள்நாட்டுச் செடிகளில் பெரும்பாலானவை இந்தக் கூட்டத்தில்தான் வருகின்றன. இங்கே ஒரு நிபந்தனை உண்டு: கண்ணாடிக் கூடத்துக்குள் சூடாக வளர்த்துக் கொண்டுவந்த கன்றாக இருந்தால், அது குளிர் தாங்கும் இனமே ஆனாலும் அதன் இளந்தளிர் உறைபனியில் கருகும். கடையில் அது வெளியே நின்றதா உள்ளே நின்றதா என்று பாருங்கள். மூன்றாவது கூட்டம் விக்டோரியா நாளுக்குப் பிறகு: மேரிகோல்ட், டாலியா, கானா வாழை, ஸின்னியா, பெட்டூனியா, அப்புறம் வீட்டுக்குள் குளிர்காலம் கழித்த நம்முடைய மல்லிகை, செவ்வரத்தை, கறிவேப்பிலை.

நாட்காட்டியை நம்பாதவர்களுக்கு லைலாக் இருக்கிறது. தெருவில் லைலாக் புதர்கள் முழுதாகப் பூத்து மணக்கும்போது மூன்றாவது கூட்டத்தை வெளியே எடுக்கலாம். அந்த வருடம் வசந்தம் முந்தினாலும் பிந்தினாலும் லைலாக் அதற்கேற்பவே பூக்கும்.

செடியோடு வரும் அட்டையில் மண்டல எண் ஒன்று இருக்கும். அந்தச் செடி எவ்வளவு குளிரான பகுதிவரை தாங்கும் என்பதை அது சொல்லும்; எண் குறையக் குறையக் குளிர் கூடும். ரொறன்ரோ பெரும்பாகம் பகுதியை 5 முதல் 7 வரையான மண்டலங்களுக்குள் அடக்கலாம். 5 அல்லது அதற்குக் குறைந்த எண் போட்ட செடியை வாங்கினால் கவலையில்லை. அமெரிக்க எண்ணும் கனடிய எண்ணும் ஒன்றல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அமெரிக்க வரைபடம் குளிர்காலத்தின் மிகக் குறைந்த வெப்பநிலையை மட்டும் பார்க்கிறது. கனடிய வரைபடம் மழை, ஸ்னோவின் ஆழம், காற்று எல்லாவற்றையும் சேர்த்துக் கணிக்கிறது. அட்டையில் இரண்டும் கலந்து வரும். எது எந்த நாட்டு எண் என்று தெரியாவிட்டால் ஒரு மண்டலம் குறைத்தே வாங்குங்கள்.

துப்புரவுக்கு அவசரப்படாதீர்கள்

முதல் வெயில் நாளில் இலைவாரியைத் தூக்கிக்கொண்டு இறங்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கூட்டிப் பெருக்கிய முற்றம்தான் அழகு என்று வளர்ந்தவர்கள் நாம். ஆனால் காய்ந்த இலைகளுக்கடியில் வண்ணத்துப்பூச்சிகளின் கூட்டுப்புழுக்களும், வெற்றுத் தண்டுகளுக்குள் காட்டுத் தேனீக்களும் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும். ரொறன்ரோவில் மட்டும் 300க்கு மேற்பட்ட தேனீ இனங்கள் வாழ்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை கூட்டமாக வாழாமல் தனித்தனியே மண்ணிலும் தண்டிலும் குடியிருப்பவை, மனிதரைக் கொட்டும் எண்ணமே இல்லாதவை. பகல் வெப்பம் தொடர்ந்து பல நாட்கள் 10 பாகை செல்சியஸைத் தாண்டும்வரை பொறுங்கள். அதன் பிறகும் தண்டுகளை அடியோடு வெட்டாமல் ஓரடி உயரம் விட்டு வெட்டுங்கள். அந்த அடித்தண்டுகளுக்குள் இந்த வருடத் தேனீக்கள் முட்டையிடும். புதுத் தளிர் வளர்ந்து ஜூனிலேயே அவற்றை மறைத்துவிடும்.

புற்றரை மேல் கிடக்கும் இலைகளை மட்டும் வாரிப் பாத்திக்குள் போடுங்கள். அது இலவச மல்ச், அதாவது மண்ணை மூடிவைக்கும் போர்வை. பையில் கட்டித் தெருவோரம் வைத்துவிட்டு, அடுத்த வாரம் கடைக்குப் போய்ச் சாயம் பூசிய மரச்சீவலைக் காசுக்கு வாங்குவது என்ன கணக்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வளவை ஒரு சுற்றுச் சுற்றுங்கள்

செடி வாங்கும் முன் ஒரு வெயில் நாளில் காலை, மத்தியானம், பின்னேரம் என மூன்று தடவை வளவைப் பாருங்கள். 6 மணி நேரத்துக்கு மேல் நேரடி வெயில் படும் இடம் முழுவெயில். மூன்று முதல் ஆறு மணி நேரம் என்றால் பகுதி நிழல். மார்க்கம் பக்கத்துப் புதிய வீடுகளில் இரண்டு வீடுகளுக்கு நடுவே உள்ள ஒடுக்கமான பக்கச் சந்து பெரும்பாலும் முழுநிழல்தான். அங்கே ரோஜா வைத்து அழவேண்டாம். ஏப்ரலில் மரங்களில் இலை இல்லாததால் எல்லா இடமும் வெயிலாகவே தெரியும். பக்கத்து வீட்டு மேப்பிள் ஜூனில் எவ்வளவு நிழல் தரும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்னோ கரையும்போது தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பதைக் குறித்து வையுங்கள். டிரைவ்வேயிலிருந்து ஸ்னோவை அள்ளி எங்கே குவிக்கிறீர்கள் என்பதும் முக்கியம், ஏனென்றால் உப்பு முழுவதும் அந்த இடத்து மண்ணில்தான் இறங்கும். அங்கே ஹைட்ரேஞ்சியா வைத்தால் இலை ஓரம் கருகும். ஸ்விட்ச் புல் போன்ற உப்புத் தாங்கும் செடிகளை அந்த ஓரத்துக்கு ஒதுக்குங்கள்.

மண்வெட்டியை ஊன்றும் முன் ஒன்ராறியோ வன் கோல் சேவைக்கு அறிவிப்பது கட்டாயம், அது சட்டம். இலவசம்தான். எரிவாயுக் குழாய், மின்கம்பி, இணையக் கம்பி எல்லாம் எங்கே போகின்றன என்று ஆள் வந்து நிறக்கோடு போட்டுவிட்டுப் போவார்கள். மரமோ புதரோ நடுவதென்றால் இதைத் தவிர்க்கவே கூடாது. வசந்தத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள் என்பதால் நடும் நாளுக்கு ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம் முந்தியே பதிந்துவிடுங்கள். இன்னொன்று: முன்வளவில் தெருவை ஒட்டிய ஒரு பட்டை நிலம் உண்மையில் நகரசபைக்குச் சொந்தம். பூச்செடி வைக்கத் தடையில்லை, ஆனால் என்றாவது குழாய் வேலைக்குத் தோண்டினால் உங்கள் செடிக்கு நட்டஈடு எதிர்பார்க்க முடியாது. அங்கே ஒரு மரம் வேண்டுமென்றால் நகரசபையிடமே கேளுங்கள். தெருமரத்தை ரொறன்ரோ நகரசபை இலவசமாக நட்டுத் தருகிறது.

மண்

ஸ்காபரோவின் பெரும்பகுதி களிமண். ஏரிக்கு அருகே, பனியூழிக் காலத்து இரொக்குவா ஏரியின் பழைய கரைக்குத் தெற்கே, பல இடங்களில் மணல். உங்களுடையது எது என்று அறிய ஒரு பிடி ஈரமண்ணை எடுத்து உள்ளங்கையில் இறுக்கி, விரல்களுக்கிடையே நாடாபோல் பிதுக்கிப் பாருங்கள். நீளமாக வந்தால் களி, உதிர்ந்தால் மணல்.

புதிய குடியிருப்புகளில் இது மூன்றாவது வகை: கட்டுமானத்தின்போது மேல்மண்ணை வழித்தெடுத்து, கனரக வண்டிகள் ஏறி இறங்கி அமுக்கிய அடிமண்ணின் மேல் கொஞ்சம் கறுப்பு மண்ணைத் தூவிப் புல்விரிப்பை விரித்திருப்பார்கள். மண்வெட்டி நாலு அங்குலத்தில் நின்றுவிடும். ஓரடி ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அந்த இடத்தில் ஈரம் விரும்பும் செடிகளைத்தான் நடவேண்டும், அல்லது பாத்தியை உயர்த்த வேண்டும்.

களிமண் ஈரமாக இருக்கும்போது அதைக் கிண்டாதீர்கள், அதன்மேல் நடக்கவும் வேண்டாம். ஏப்ரலில் செய்யக்கூடிய மிகப் பெரிய கெடுதல் இதுதான். ஈரக் களியை அமுக்கினால் அதிலிருக்கும் காற்று இடைவெளிகள் மூடிவிடும். பிறகு அது காய்ந்து கட்டியாகி, கோடை முழுவதும் வேர் ஊடுருவ முடியாமல் கிடக்கும். களிமண்ணை இளக்க மணல் கலக்கும் யோசனையையும் விட்டுவிடுங்கள், கலவை இன்னும் இறுகத்தான் செய்யும். கூட்டெரு போடுங்கள், இரண்டு மூன்று அங்குலம் மேலே பரப்பினால் போதும். மீதியை மண்புழு பார்த்துக்கொள்ளும்.

புற்றரையைப் பாத்தியாக மாற்ற நினைப்பவர்களுக்கு இரண்டு வழி. உடனே நடவேண்டுமென்றால் புல்விரிப்பை மண்வெட்டியால் சீவி எடுத்துவிடுங்கள். முதுகு வலிக்கும், ஆனால் அன்றே முடிந்துவிடும். பொறுமை இருந்தால் புல்லைக் கட்டையாக வெட்டி, அதன்மேல் ஒட்டுநாடா உரித்த அட்டைப் பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்று படும்படி விரித்து, நனைத்து, கூட்டெருவும் இலையும் நாலைந்து அங்குலம் பரப்புங்கள். அட்டை உக்கிப் புல் சாக ஒரு பருவம் பிடிக்கும். வசந்தத்தில் விரித்தால் இலையுதிர்காலத்தில் நடலாம்.

எந்த உள்நாட்டுச் செடி

மில்க்வீடிலிருந்து தொடங்குகிறேன். அது நமக்கு அந்நியச் செடி அல்ல. உடைத்தால் பால் வடியும் இந்தச் செடி நம் ஊர் எருக்கலையின் குடும்பம். யாழ்ப்பாணத்தில் எருக்கலை இலையைத் தின்று வளரும் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியும், இங்கே மில்க்வீட் தின்று வளரும் மொனார்க்கும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த உறவுக்காரர்கள். மொனார்க் புழுவுக்கு மில்க்வீடைத் தவிர வேறு உணவே இல்லை. கோடை முடிவில் பிறக்கும் மொனார்க்குகள் இங்கிருந்து பறந்துபோய் மெக்சிகோவின் நடுப்பகுதி மலைகளில் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. அவை அங்கேதான் போகின்றன என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தது 1975இல். அதற்குப் பின்னாலிருந்தவர் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் பணியாற்றிய விலங்கியல் பேராசிரியர் பிரெட் உர்குஹார்ட். அவரும் மனைவி நோராவும் பல பத்தாண்டுகளாகத் தன்னார்வலர்களைத் திரட்டி, வண்ணத்துப்பூச்சிகளின் சிறகில் சின்னஞ்சிறு அடையாளத் தாளை ஒட்டி அனுப்பித் தடம் தேடினார்கள். ஒன்ராறியோவில் மில்க்வீட் களைப்பட்டியலில் இருந்த காலமும் உண்டு. 2014இல்தான் அதிலிருந்து நீக்கினார்கள்.

கடையில் மூன்று வகை கிடைக்கும், மாற்றி வாங்கினால் தொல்லை. சாதாரண மில்க்வீட் நிலத்தடித் தண்டு ஓடிப் பரவும். சிறிய வளவுக்கு வேண்டாம். சதுப்பு மில்க்வீட் ஒரே குத்தாக நிற்கும், இளஞ்சிவப்புப் பூ, களிமண்ணும் ஈரமும் பிடிக்கும். ஸ்காபரோவுக்கு அதுதான் பொருத்தம். செம்மஞ்சள் பூப்பூக்கும் பட்டர்ஃபிளை மில்க்வீட் மணல் மண்ணுக்கும் கொதிக்கும் வெயிலுக்கும் உரியது. அதன் ஆணிவேர் ஆழமாக இறங்கும் என்பதால் நட்ட இடத்திலிருந்து பிடுங்கி மாற்ற முடியாது. எருக்கலையைப் போலவே மில்க்வீடின் பாலும் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், கையுறை போடுங்கள்.

வெயில் பாத்திக்கு மற்றத் துணைகள்: ஜூலையில் ஊதாநிறத்தில் பூத்து இலை கசக்கினால் மணக்கும் வைல்ட் பேர்கமொட், மஞ்சள் இதழும் கறுத்த நடுவும் கொண்ட பிளாக்-ஐட் சூசன், செப்டெம்பரில் எல்லாம் ஓயும்போது கத்தரிப்பூ நிறத்தில் வெடிக்கும் நியூ இங்கிலாந்து அஸ்டர். இவற்றுக்கிடையே லிட்டில் புளூஸ்டெம் புல்லைச் செருகினால் உயரச் செடிகள் சாயாமல் தாங்கிக்கொள்ளும். கோல்டன்ராட் என்றால் தும்மல் வரும் என்று பயப்படுபவர்கள் உண்டு. தும்மலுக்குக் காரணம் அதே நேரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் பூக்கும் ராக்வீட். கோல்டன்ராடின் மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது.

நிழலுக்கு உள்நாட்டு காட்டு இஞ்சி இருக்கிறது. பெயரைப் பார்த்துச் சமையலுக்கு எடுக்கவேண்டாம், அதில் சிறுநீரகத்துக்கு நஞ்சான பொருள் உண்டு. சிவப்பும் மஞ்சளுமாகத் தலைகீழாகத் தொங்கும் கொலம்பைன் பகுதி நிழலில் நன்றாக வரும். மே மாதம் ஹம்மிங் பறவை வந்துசேரும் நேரத்துக்கே பூத்து நிற்கும். ட்ரில்லியம் 1937 முதல் ஒன்ராறியோவின் மாகாணப் பூ. விதையிலிருந்து பூக்க ஏழெட்டு வருடம் எடுப்பதால் விலை அதிகம். மலிவாகக் கிடைத்தால் காட்டிலிருந்து கிண்டியெடுத்ததாக இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

இடமிருந்தால் ஒரு சேர்விஸ்பெரி வையுங்கள். மரம் என்றோ பெரும்புதர் என்றோ சொல்லலாம். வசந்தத்தில் வெள்ளைப்பூ, ஜூனில் தின்னக்கூடிய பழம், இலையுதிர்காலத்தில் செந்நிறம். பழத்தில் பாதியை ரொபின் பறவைகள் கொண்டுபோகும், அதைத் தடுக்க முயலாதீர்கள்.

கடைசியாக ஒன்று, நம்மவர்களுக்கென்றே இருப்பது போன்றது: குளிர் தாங்கும் செவ்வரத்தை. ஒன்ராறியோவின் தென்கோடி ஏரிக்கரைச் சதுப்புகளில் இயற்கையாக வளரும் சுவாம்ப் ரோஸ் மாலோ நிஜமாகவே செவ்வரத்தை இனம்தான். பூ உள்ளங்கையைவிடப் பெரிது. குளிர்காலத்தில் மண்ணுக்கு மேலே எல்லாம் செத்துவிடும், வேரிலிருந்து மறுபடி எழும். தண்ணீர் தேங்கும் வெயில் மூலை இருந்தால் அதற்கே கொடுத்துவிடுங்கள்.

10 அடிக்கு 6 அடி வெயில் பாத்தி ஒன்றுக்கு என் பட்டியல்: பின்வரிசையில் அஸ்டர் மூன்று, சதுப்பு மில்க்வீட் மூன்று, நடுவில் பேர்கமொட் மூன்று, பிளாக்-ஐட் சூசன் ஐந்து, லிட்டில் புளூஸ்டெம் நான்கு, முன்வரிசையிலும் முதல் வருட இடைவெளிகளிலும் மேரிகோல்ட் எட்டோ பத்தோ. வகைக்கு ஒன்று என்று பத்துச் செடி வாங்காதீர்கள். ஒரே வகையை மூன்றாக, ஐந்தாகச் சேர்த்து நட்டால்தான் தேனீயின் கண்ணிலும் படும், தெருவில் போகிறவர் கண்ணுக்கும் திட்டமிட்ட தோட்டமாகத் தெரியும்.

வாங்கும்போது இலையைவிட வேரைப் பாருங்கள். பூத்துக் குலுங்கும் பெரிய சாடியைவிடப் பூக்காத சிறிய கன்று சீக்கிரம் வேரூன்றும், விலையும் பாதி. இரட்டை இதழாக அடுக்கடுக்காகப் பூக்கும் வகைகளில் தேனும் மகரந்தமும் குறைவு. உள்நாட்டுச் செடிகளில் ஒற்றை இதழ் வகையையே கேட்டு வாங்குங்கள். மே மாதத்தில் உள்நாட்டுத் தாவர விற்பனைகள் பல இடங்களில் நடக்கும். அங்கே நிற்பவர்களிடம் உங்கள் மண்ணைப் பற்றிச் சொன்னால் போதும், சரியான செடியைக் கையில் எடுத்துக் கொடுப்பார்கள்.

வாங்கக் கூடாதவையும் கடையில்தான் நிற்கும். நிலத்தை வேகமாக மூடும் என்று அட்டையில் எழுதியிருந்தால் அதை எச்சரிக்கையாகவே வாசியுங்கள். பெரிவிங்கிள், கூட்வீட், இங்கிலிஷ் ஐவி, லில்லி ஒஃப் த வலி ஆகிய நான்கும் வேலியைத் தாண்டிப் பள்ளத்தாக்குக் காடுகளுக்குள் இறங்கி அங்குள்ளவற்றை நெருக்கிக் கொல்கின்றன. வேலியில் தானாகவே ஒரு கொடி ஏறிச் சின்னக் கருஞ்சிவப்புப் பூப் பூத்தால் அது டோக்-ஸ்ட்ராங்ளிங் வைன் ஆக இருக்கலாம். மில்க்வீடுக்கு உறவு என்பதால் மொனார்க் ஏமாந்து அதில் முட்டையிடும், பொரிக்கும் புழுக்கள் பிழைப்பதில்லை. காய் வெடிக்கும் முன் வேரோடு தோண்டி எடுத்துவிடுங்கள்.

நடுவது

மேகமூட்டமான நாளோ பின்னேரமோ நல்லது. நடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு சாடிகளைத் தண்ணீரில் நன்றாக நனைத்து வையுங்கள். எல்லாச் செடிகளையும் முதலில் சாடியோடே பாத்தியில் அடுக்கி, தள்ளி நின்று பார்த்து, பிறகு குழி தோண்டுங்கள். பல்லாண்டுச் செடிகளுக்கு ஒன்றரை அடி இடைவெளி விடுங்கள். முதல் வருடம் வெறுமையாகத் தெரியும். அந்த வெறுமையைப் பார்த்துப் பயந்து நெருக்கி நட்டவர்கள் மூன்றாம் வருடம் பாதியைப் பிடுங்கி நண்பர்களுக்குக் கொடுக்கிறார்கள்.

குழி சாடியைப்போல் இரண்டு மடங்கு அகலம், ஆழம் சாடியின் அளவே. வேர் சாடிக்குள் வட்டமாகச் சுற்றியிருந்தால் விரலால் கலைத்துவிடுங்கள். இறுகிப்போயிருந்தால் கத்தியால் பக்கங்களில் மூன்று நாலு கீறல் போடுங்கள். பாவம் பார்க்காதீர்கள், கலைக்காத வேர் அந்தச் சாடியின் வடிவத்திலேயே சுற்றிச் சுற்றிச் சாகும். தோண்டிய அதே மண்ணால் மூடுங்கள். களிமண்ணில் குழிக்குள் மட்டும் பையில் வாங்கிய நல்ல மண்ணை நிரப்பினால் அந்தக் குழி ஒரு கிண்ணம்போல் தண்ணீரைத் தேக்கி வேரை அழுகவைக்கும்.

மரத்துக்கும் புதருக்கும் ஒரு விதி கூடுதல்: தண்டு விரிந்து வேராக மாறும் இடம் மண்ணுக்கு மேலே தெரியவேண்டும். சாடியிலேயே அது புதைந்திருப்பதுண்டு. மேல்மண்ணைத் தள்ளிப் பார்த்துக் கண்டுபிடித்த பிறகே ஆழத்தை முடிவு செய்யுங்கள். இங்கே வளவு மரங்கள் பத்து வருடத்தில் காரணம் தெரியாமல் வாடுவதற்கு ஆழமாக நட்டதே அடிக்கடி காரணமாக இருக்கிறது.

நட்டதும் மண்ணைக் கையால் மெதுவாக அழுத்தி, ஊறும்வரை தண்ணீர் விட்டு, இரண்டு மூன்று அங்குலம் மல்ச் பரப்புங்கள். தண்டைத் தொடாமல் ஓரங்குலம் விலக்கி வையுங்கள். பசளை எதுவும் வேண்டாம். உள்நாட்டுச் செடிக்குச் சத்து கூடினால் உயரமாக வளர்ந்து ஆகஸ்ட் மழையில் சாய்ந்து படுத்துவிடும்.

விக்டோரியா நாளுக்குப் பிறகு: அலங்காரப் பூக்கள்

வீட்டுக்குள்ளோ கண்ணாடிக் கூடத்திலோ வளர்ந்த எந்தச் செடியையும் ஒரேயடியாக வெயிலில் வைக்கக் கூடாது. முதல் இரண்டு நாள் நிழலில் ஓரிரு மணி நேரம், பிறகு காலை வெயில், பிறகு இன்னும் கொஞ்சம் என்று ஒரு வாரம் பத்து நாள் பழக்குங்கள். மல்லிகையும் கறிவேப்பிலையும் இரவு வெப்பம் 10 பாகைக்குக் கீழே இறங்காது என்று உறுதியான பிறகே வெளியே நிரந்தரமாக நிற்கலாம். திடீர் வெயிலில் இலை வெளிறிப் பழுப்பானால் அது நோயல்ல, வெயில் சுட்டது. புது இலை வரும்.

டாலியாக் கிழங்கை நாலைந்து அங்குல ஆழத்தில், பழைய தண்டோடு ஒட்டிய கண் மேல்நோக்க வையுங்கள். முளை தெரியும்வரை தண்ணீர் விடாதீர்கள்; குளிர்ந்த ஈரமண்ணில் கிழங்கு அழுகும். உயர வகைக்கு நடும்போதே பக்கத்தில் கம்பு ஊன்றிவிடுங்கள், பிறகு ஊன்றினால் கிழங்கைக் குத்திவிடும். இலையுதிர்காலத்தில் உறைபனி இலையைக் கருக்கியதும் கிழங்கைத் தோண்டி பேஸ்மென்டில் குளிரான மூலையில் வைக்கவேண்டும். கானா வாழைக்கும் அதே நடைமுறை. இந்த வேலைக்கு மனமில்லாதவர்கள் மேரிகோல்டோடு நின்றுவிடலாம். விதை போட்டால் எட்டு வாரத்தில் பூ, தினமும் சாமிக்குப் பறித்தாலும் பறிக்கப் பறிக்கப் பூக்கும்.

ஹைட்ரேஞ்சியா வாங்கும்போது கவனம். பெரிய இலையோடு நீலமும் இளஞ்சிவப்புமாகக் கடையில் மயக்கும் வகை, போன வருடத் தண்டில்தான் மொட்டு வைக்கும். ரொறன்ரோ குளிரில் அந்த மொட்டு அடிக்கடி செத்துவிடும். பிறகு கோடை முழுவதும் இலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கூம்பு வடிவில் வெள்ளையாகப் பூக்கும் பானிக்கிள் வகை அந்த வருடத் தண்டிலேயே பூப்பதால் ஏமாற்றாது. அதை ஏப்ரலில் வெட்டிவிடலாம். லைலாக்கை மட்டும் வசந்தத்தில் வெட்டாதீர்கள், பூ முடிந்த கையோடு வெட்டவேண்டும். டியூலிப் கேட்டு வசந்தத்தில் கடைக்குப் போகிறவர்களும் உண்டு. அந்தக் கிழங்கை முந்திய ஒக்டோபரில் நட்டிருக்க வேண்டும்.

முதல் கோடை

முதல் வருடம் உள்நாட்டுச் செடிக்கும் தண்ணீர் வேண்டும். வறட்சி தாங்கும் என்று அட்டையில் இருப்பது வேரூன்றிய பிறகான கதை. வாரத்துக்கு ஓரங்குல மழைக்குச் சமமான தண்ணீர்; மழை பெய்தால் விட்டுவிடுங்கள். தினமும் மேலால் தெளிப்பதைவிட வாரம் இரண்டு முறை அடிமண்வரை ஊறவிடுவது நல்லது. மரக்கன்றுக்கு இரண்டு மூன்று கோடை இப்படிச் செய்யவேண்டும்.

முயலுக்கு இளம் அஸ்டர் என்றால் உயிர். இரண்டடி உயரக் கோழிக்கம்பியை வளையமாகச் சுற்றி ஜூலைவரை வையுங்கள். மில்க்வீடில் இலை ஓட்டையாக இருந்தால் மருந்து தேடாதீர்கள், அதைத் தின்னவைக்கத்தான் நட்டோம். களைக்கொல்லிக்கும் வேலையில்லை. 2009 முதல் ஒன்ராறியோவில் அழகுக்காகப் புற்றரையில் அடிக்கும் பூச்சி, களை மருந்துகளுக்குத் தடை இருக்கிறது. களையை மழை பெய்த மறுநாள் கையால் பிடுங்குங்கள்; முதல் இரண்டு வருடம் இதில் பிந்தாவிட்டால் மூன்றாம் வருடம் செடிகளே நெருங்கி நின்று களைக்கு வெளிச்சம் கிடைக்காமல் செய்துவிடும்.

இரண்டாம் வசந்தத்தில் ஒரு பதற்றம் வரும்: பக்கத்திலுள்ளதெல்லாம் பச்சையாகி நிற்க, பட்டர்ஃபிளை மில்க்வீடும் குளிர் தாங்கும் செவ்வரத்தையும் செத்த குச்சியாக நிற்கும். இரண்டும் மண் நன்றாகச் சுட்ட பிறகே எழும்புபவை, செவ்வரத்தை ஜூன் தொடும்வரைகூட இழுக்கும். இடத்தைக் கிண்டி வேறு செடி வைத்துவிடாமல் இருக்க, இலையுதிர்காலத்திலேயே பக்கத்தில் ஒரு அடையாளக் குச்சி நட்டு வையுங்கள். அஸ்டரை மட்டும் அந்த ஜூனில் மூன்றிலொரு பங்கு உயரம் வெட்டிவிடுங்கள். கிளைத்துக் குட்டையாகி, செப்டெம்பரில் கம்பு ஊன்றாமலே பூக்கும்.